செயின்சா செயினுக்குச் சாணை பிடிக்க கிரைண்டர் வாங்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. "ஒரு செயின்சா, இரண்டு செயின் வைத்திருக்கிறேன், அரத்தால் தீட்டினால் பல்லெல்லாம் ஒரே மாதிரி வருவதில்லை, கிரைண்டர் வாங்கிவிடலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். லேசாக மழுங்கின செயினுக்கு உருண்டை அரத்தை உள்ளிருந்து வெளிப்பக்கமாக இரண்டு மூன்று தடவை தள்ளினாலே போதும், கழற்றக்கூட வேண்டாம். ஒரே மாதிரி வரவில்லை என்றால் முதலில் அரத்தின் அளவைப் பாருங்கள். சின்ன மெஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்குப் பெரும்பாலும் 4 மி.மீ., .325 செயினுக்கு 4.8 மி.மீ.; இந்த 3/8, .325 எல்லாம் செயினின் பிட்ச், அதாவது கண்ணி இடைவெளியை அங்குலத்தில் சொல்லும் அளவு. அப்புறம் கோணம் காட்டும் கைடு ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கிரைண்டர் உண்மையில் கைகொடுப்பது கல்லிலோ ஆணியிலோ பட்டு முனை நொறுங்கின செயினுக்குத்தான். அதை அரத்தால் சரிசெய்ய உட்கார்ந்தால் பொழுதே போய்விடும். கிரைண்டரில் ரொம்பத் தேய்ந்த பல் எதுவோ அதன் நீளத்துக்கு ஸ்டாப்பரை வைத்து மற்றதையெல்லாம் அதற்குச் சமமாகக் கொண்டுவரலாம். ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால் வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வளையும், அதனால்தான் இந்தச் சமம் முக்கியம். வாரம் முழுக்க மரம் அறுப்பவர்களும், நிறைய செயின் வைத்திருப்பவர்களும் தாராளமாக வாங்கலாம்.

ஆனால் வாங்கினவர்கள் செயினைக் கெடுப்பதும் அதே கிரைண்டரில்தான். கிரைண்டரில் சுற்றும் சாணைக்கல் வீலை அழுத்திப் பிடித்தால் பல்லின் ஓரம் நீலம் பாரித்துவிடும், பதம் போச்சு என்று அர்த்தம், அந்தக் கூர் சீக்கிரம் மழுங்கும். தொட்டுத் தொட்டு எடுங்கள், ஒரே பல்லில் நிற்காதீர்கள். வீலின் விளிம்பு அடைத்துப்போனால் கூடவே வரும் கல்லால் சீர்செய்துவிடுங்கள், அடைத்த வீல்தான் அதிகம் சூடேற்றும். விரிசல் விட்ட வீலை மாட்டவே கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடவும் கூடாது.

இன்னொன்றை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் டெப்த் கேஜ் என்று சின்ன மேடு இருக்கும். பல் தேயத் தேய உயரம் குறையும், மேடு அப்படியே நிற்கும், அப்புறம் எவ்வளவு கூராக்கினாலும் சீவலாக வராமல் தூளாகத்தான் கொட்டும். பல செயின்களுக்குப் பல்லின் நுனியைவிட இந்த மேடு தாழ்ந்திருக்க வேண்டிய அளவு 0.65 மி.மீ., உங்கள் செயினுக்கு எவ்வளவு என்று அதன் குறிப்பேட்டில் பார்த்துவிட்டு மேட்டைத் தட்டை அரத்தால் குறையுங்கள், கூடுதலாகத் தேய்த்துவிட்டால் மெஷின் உதற ஆரம்பிக்கும்.