கொரோ சென்செய் பாடம் நடத்தும் விதம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

'அசாசினேஷன் கிளாஸ்ரூம்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைச் சொன்னதும், அதில் வாத்தியாராக வரும் கொரோ சென்செயின் மஞ்சள் உருண்டைத் தலையும், ஆக்டோபஸ் மாதிரி வழுக்கும் டென்டக்கிள் கைகளும், ஒலியைப்போல் இருபது மடங்கான மாக் 20 வேகமும், அந்தத் தலைக்கு வைத்த 1000 கோடி யென் பரிசும்தான் உடனே ஞாபகம் வரும். மாணவர்கள் வாத்தியாரைக் கொல்லப் பார்க்கிறார்கள். அவர் குண்டுகளுக்குத் தப்பிக்கொண்டே வருகைப் பதிவு எடுக்கிறார். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு கொலை முயற்சியும் தோற்கும். ஏன் தோற்றது என்பதை அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி அவர் எடுத்துச் சொல்வார். இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

யூசெய் மட்சுயி இதை மங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாக, 2012 முதல் 2016 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வரைந்தார். லெர்ச்சே ஸ்டூடியோ அனிமேவாக்கியது, இயக்கம் செய்ஜி கிஷி. 2015இல் 22 எபிசோட், 2016இல் 25 எபிசோட். களம் குனுகிகாவோகா நடுநிலைப்பள்ளி. கடைசி மதிப்பெண்காரர்களை 3-ஈ என்று பிரித்து, ஒரு கிலோமீட்டர் தள்ளி மலைமேல் பழைய கட்டடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஒகுடா என்ற மாணவியைப் பாருங்கள். வேதியியலில் கெட்டி, பேசத் தெரியாது. ஒளித்து மறைத்துக் கொல்ல வராது என்பதால் மூன்று குடுவைகளை நேராக நீட்டி, "விஷம், குடிங்க சார்" என்கிறாள். சோடியம் ஹைட்ராக்சைடு குடித்ததும் அவருக்குக் கொம்பு முளைக்கிறது. தாலியம் அசிடேட்டுக்கு இறக்கை. இராஜ திராவகத்துக்கு, முகத்தில் ஓர் உணர்ச்சியும் இல்லாமல் போகிறது. பிறகு அவரே ஒரு செய்முறை கொடுக்க, அவள் நம்பிச் செய்து வருகிறாள். அது விஷமே இல்லை, அவர் உடம்பைத் திரவம்போல் இளக்கி எந்த இடுக்கிலும் புகவைக்கும் மருந்து. ஏமாந்து நிற்பவளிடம் அவர் சொல்வது: நல்ல விஷம் செய்தால் மட்டும் போதாது, எதிராளி அதைக் குடிக்கும்படி பேசவும் தெரியணும், அதற்கு மொழிப்பாடம் வேண்டும். அறிவியல் போதும், மற்றது எதற்கு என்றிருந்த பிள்ளைக்கு இதைவிட நன்றாக எப்படிப் புரிய வைப்பது?

சுகினோ என்ற மாணவனின் கதையும் இப்படித்தான். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் வீரர் ஒருவரின் வேகப்பந்தை அப்படியே காப்பியடிக்கிறான், பந்து வேகம் எடுக்கவில்லை. சென்செய் அவன் உடம்பை டென்டக்கிளால் சுற்றிப் பரிசோதித்து, தோள் தசை அவரளவுக்கு வராது, ஆனால் முழங்கையும் மணிக்கட்டும் அவரைவிட நன்றாக வளைகின்றன என்கிறார். அந்த வீரரையும் நியூயார்க் போய் ஆட்டத்தின் நடுவிலேயே பரிசோதித்துவிட்டு வந்தவர் அல்லவா! பையன் வேகத்தை விட்டு, திரும்பும் பந்துக்கு மாறுகிறான்.

எல்லாப் பாடமும் இவ்வளவு இதமாக இருக்காது. தெராசாகா என்ற மாணவனின் கும்பல் 300 குண்டுகள் அடைத்த பொம்மை வெடிகுண்டை நாகிசா என்ற சக மாணவனின் கழுத்தில் மாட்டி அனுப்பும்போது, சென்செய் மாதம் ஒருமுறை மட்டும் உரிக்க முடிகிற தன் தோலைப் போர்த்தி அவனைக் காப்பாற்றுகிறார். முகம் கன்னங்கரேல் ஆகிறது. திட்டத்தைக் குறை சொல்லவில்லை, நாகிசா நெருங்கி வந்த விதத்தைப் பாராட்டவே செய்கிறார். அவர் கோபம், அந்தப் பையனின் உயிரை அவனும் மதிக்கவில்லை, அனுப்பியவர்களும் மதிக்கவில்லை என்பதில்.

முகத்தின் நிறம் என்றேன் அல்லவா, அனிமே மங்காவைவிட ஒரு படி மேலே போகும் இடம் இது. எதிராளியை மட்டமாக நினைத்தால் பச்சைப் பட்டை, விடை தப்பென்றால் ஊதா முகத்தில் பெருக்கல் குறி, சரியென்றால் சிவந்த முகத்தில் வட்டம். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் ஊகிக்க வேண்டியிருந்தது திரையில் அரை நொடியில் விளங்கிவிடுகிறது. ஜுன் ஃபுகுயாமாவின் குரல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

குறையும் உண்டு. ஆங்கில ஆசிரியை இரினா மாணவர்களுக்கு முத்தம் கொடுப்பதைச் சிரிப்பாகக் காட்டும் இடங்கள் தவறானவை. மற்ற இடங்களில் இவ்வளவு பொறுப்பான தொடர் அங்கே தடுமாறுகிறது.

தேர்வுக் காட்சிகளுக்கு வருவோம். முதல் இடைத்தேர்வில் அனைவரும் முதல் 50 இடத்துக்குள் வர வேண்டும் என்கிறார் சென்செய். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் முதல்வர் அசானோ பாடப்பகுதியை மாற்றி, மலைமேல் வகுப்புக்கு மட்டும் சொல்லாமல் விடுகிறார். வகுப்பே சரிகிறது. கார்மா என்ற மாணவன் மட்டும் 4ஆம் இடம், அவன் வேகத்தைப் பார்த்து சென்செய் முன்கூட்டியே கூடுதல் பாடம் நடத்தியிருந்ததால். அடுத்த பருவத்தேர்வில் அதே கார்மா மெத்தனத்தால் 13க்கு இறங்குகிறான், சென்செயும் அவனை நன்றாகவே குத்திக்காட்டுகிறார்.

அதன் பலன் இரண்டாம் பருவக் கணிதத்தின் கடைசிக் கேள்வியில் தெரியும். பக்கம் a உள்ள கனசதுரம், எட்டு மூலைகளிலும் நடுவிலும் அணுக்கள், இதே மாதிரிக் கனசதுரங்கள் எல்லாப் பக்கமும் அடுக்கியிருக்கின்றன. நம் பாடப்புத்தகத்தின் பொருள் மையக் கனசதுரம்தான். வேறெந்த அணுவையும்விட நடு அணுவுக்கு அருகில் இருக்கும் பகுதியின் கன அளவு என்ன? முதல்வரின் மகன் காகுஷு மூலைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கணக்கிடப் போய், நேரம் போதாமல் நிற்கிறான். கார்மா அக்கம்பக்கத்தைப் பார்க்கிறான். மூலை அணுவும் நடு அணுவைப் போலத்தான், அதற்கும் அதே அளவு இடம் உண்டு. ஆனால் ஒரு மூலையில் அதில் எட்டில் ஒரு பங்குதான் இந்தக் கனசதுரத்துக்குள் இருக்கிறது. எட்டு மூலையும் சேர்ந்தால் ஒரு முழுப் பங்கு, நடுவில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து a³, ஆகவே விடை a³/2. கணக்கே போட வேண்டியதில்லை. சுற்றியிருக்கும் ஒவ்வொருவனுக்கும் தன்னைப் போலவே ஓர் இடம் இருக்கிறது என்று அந்த வகுப்பில் கற்றவனுக்கு நாலு வரியில் முடிந்துவிடுகிறது. 500க்கு 500 எடுத்து முதலிடம் வருகிறான். 3-ஈ முழுக்க 50க்குள் வருகிறது.