ரோசா கலியேவாவின் இடம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ரஷ்யப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸைத் தூக்கி நிறுத்தியது தலைமையின் கண்டிப்பா, கூடவே நின்ற பயிற்சியாளரின் உழைப்பா? இதுதான் இன்றைய வழக்கு. நான் பயிற்சியாளர் பக்கம் நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸைக் காட்டினார். சோவியத் உடைந்தபின் அதன் முன்னாள் குடியரசுகள் ஒரே கூட்டணி அணியாக இறங்கிய போட்டி அது. அப்போது தனிநபர் இறுதிக்கு ஒரு அணியிலிருந்து 3 பேர்தான் போகலாம் என்பது விதி. டாட்டியானா குட்ஸு, பீம் என்ற ஒடுக்கமான சமநிலைப் பலகையிலிருந்து விழுந்து, தன் அணியிலேயே 4-ஆவது இடத்துக்குப் போய்விட்டார். உடனே ரோசா கலியேவாவை விலக்கிவிட்டு குட்ஸுவை இறக்கினார்கள். தங்கம் வந்தது, இதுவல்லவா தலைமை என்று கேட்டார் நண்பர்.

சரி, வந்தது. 0.012 புள்ளியில் வந்தது. ஆனால் கலியேவாவுக்கு அப்போது 15 வயது. அந்த இடம் யாரும் கொடுத்ததல்ல, அவளே போட்டியிட்டுச் சம்பாதித்தது. முழங்காலில் காயம் என்று காரணம் சொன்னார்கள், நம்பியவர்கள் அதிகமில்லை. அவள் அதோடு ஒதுங்கிவிடவும் இல்லை. 4 வருடம் கழித்து அட்லாண்டாவில் ரஷ்யாவுக்காக இறங்கி, அணியோடு வெள்ளி வாங்கினாள். அந்த 4 வருடமும் அவளைத் தினம் கூடத்துக்கு வரவைத்தது எது? பார்சிலோனாவில் அவள் பெயரை அடித்த பேனாவா?

அடுத்து ரஷ்ய வீராங்கனை அலியா முஸ்தாஃபினா. அவருடைய பயிற்சியாளர் அலெக்சாண்டர் அலெக்சாண்ட்ரோவ், அமெரிக்காவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பெண்கள் அணியின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. அவருக்கும் மேலே, ஆண், பெண் இரு அணிகளுக்கும் சேர்த்துத் தலைவர் ஆந்த்ரேய் ரோடியோனென்கோ. அவர் மனைவி வாலென்டினாவும் நிர்வாகத்தில் இருந்தார். 2010-இல் ராட்டர்டாமில் 16 வயது முஸ்தாஃபினா உலகச் சாம்பியன். ரஷ்யா என்ற பெயரில் பெண்கள் வென்ற முதல் உலக அணித் தங்கமும் அங்கேதான்.

மறு ஏப்ரலில் பெர்லின். வால்ட்டில், அதாவது ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவும் பிரிவில், இரண்டரைத் திருகல் போட்டு இறங்கும்போது இடது முழங்காலின் தசைநார் கிழிந்தது. லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு 16 மாதம்கூட இல்லை. அறுவை சிகிச்சை முடிந்த காலை மறுபடி ஓடவும், குதிக்கவும், பயமில்லாமல் தரையிறங்கவும் பழக்க வேண்டும். பக்கத்திலேயே நின்று, இன்று இவ்வளவு போதும், நாளை பார்க்கலாம் என்று நாள்தோறும் முடிவெடுக்கும் வேலை அது. மேலே உட்கார்ந்து உத்தரவு போட்டால் நடக்காது. லண்டனில் அவர் வாங்கியது 4 பதக்கம். உயரம் வேறுபட்ட இரு கம்பிகளில் செய்யும் அன்ஈவன் பார்ஸில் 16.133 எடுத்துத் தங்கம்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அந்த வெற்றி முடிந்த கையோடு அலெக்சாண்ட்ரோவ் அணியைவிட்டு வெளியேறினார். ரோடியோனென்கோ தம்பதியோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை என்பது இந்த விளையாட்டைத் தொடர்பவர்கள் அறிந்த கதை. பிரேசில் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. முஸ்தாஃபினாவோ ஒரு கட்டத்தில் சொந்தப் பயிற்சியாளர் என்று யாருமே இல்லாமல் தானே பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஒலிம்பிக் சாம்பியனுக்கு அந்த நிலை! பிறகு செர்கேய் ஸ்டார்கின் வந்தார். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் அதே பார்ஸில் மறுபடியும் தங்கம்.

எதிரணி டோக்கியோ ஒலிம்பிக்ஸைச் சொல்லும், தெரியும். 1992-க்குப் பிறகு பெண்களுக்கு வந்த முதல் ஒலிம்பிக் அணித் தங்கம், ரோடியோனென்கோ தலைமையில் வந்ததுதான், மறுக்கவில்லை. மாஸ்கோவுக்கு வெளியே க்ருக்ளோயே ஏரிக்கரையில் இருக்கும் தேசியப் பயிற்சி மையமும் தேவைதான். ஆனால் அங்கே போய்ச் சேரும் பிள்ளைகளை வளர்த்தது யார்? டோக்கியோ அணியில் இருந்த மெல்னிகோவா வோரோனேஷ் நகரில், உராசோவா ரோஸ்தோவ் நகரில், சின்னஞ்சிறு வயதில் ஊர்ப் பயிற்சியாளர் கையைப் பிடித்து பீமில் ஏறியவர்கள். டோக்கியோ இறுதியில் அந்த இருவருமே பீமிலிருந்து விழுந்தார்கள். 10 சென்டிமீட்டர் அகலப் பலகை. கீழே விழுந்தவர் 10 விநாடிக்குள் மறுபடி ஏற வேண்டும். ஏறினார்கள், முடித்தார்கள், அமெரிக்காவைவிட 3 புள்ளிக்குமேல் முன்னே நின்றார்கள்.

அந்த 10 விநாடியில் அந்தப் பெண்களுக்குக் கைகொடுத்தது எது என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.