முதல் சுற்றில் பின்தங்கத் தெரிய வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடங்களில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். ஓய்வு பெற்று விசிலை ஆணியில் மாட்டியாகிவிட்டது. ஆனாலும் தெருவில் யாராவது ஓடினால் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறேன். அதற்காக வீட்டில் வாங்குகிற திட்டு தனிக்கதை.

நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். யாரைக் கேட்டாலும், "தம் இருக்கணும் சார்" என்பார்கள். இருக்க வேண்டும்தான். ஆனால் தம் என்பது ஓட ஓட வருவது. மூன்று மாதம் விடியற்காலையில் ஒழுங்காக மைதானத்துக்கு வந்தால் சுமாரான பையனுக்கும் ஓரளவு வந்துவிடும். நான் காலமெல்லாம் தேடி அதிகம் கண்டுபிடிக்க முடியாத குணம் வேறு. முதல் சுற்றில் பின்தங்கத் தெரிய வேண்டும்.

பள்ளி விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். எங்கள் மைதானம் 200 மீட்டர்தான் என்பதால் ஏழரைச் சுற்று. பெயருக்கேற்ற ஏழரை! விசில் ஊதியதும் இருபது பையன்களும் நூறு மீட்டர் ஓட்டம் மாதிரி பாய்வார்கள். முதல் வளைவிலேயே முழங்கை இடி, சுண்ணாம்புக் கோடு அழிந்து புழுதி. ஷாமியானாவைக் கடக்கும்போது வேகம் இன்னும் கூடும், பார்க்கிற கூட்டம் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறது! மூன்றாவது சுற்றில் ஒருவன் விலாவைப் பிடித்துக்கொள்வான். நான்காவதில் இன்னொருவன் லேஸ் கட்டக் குனிவான். லேஸ் அவிழ்ந்திருக்காது.

சிரிக்காதீர்கள், நானும் அந்தக் கூட்டம்தான். கல்லூரியில் 5000 மீட்டர், 400 மீட்டர் பெரிய டிராக்கில் பன்னிரண்டரைச் சுற்று. முதல் மூன்று சுற்றும் நானே முன்னால். மைக்கில் என் பெயரை முழங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது சுற்றில் அந்த மைக்காரர் என் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

என்ன நடக்கிறதென்றால், தசை கேட்கிற பிராணவாயுவை மூச்சு கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நாம் அதைவிட அதிகமாகச் செலவு செய்துவிடுகிறோம். ஒன்றாம் தேதி வந்த சம்பளத்தை ஐந்தாம் தேதிக்குள் முடித்துவிட்ட குடும்பம் மாதிரி. மீதி மாதம் முழுக்கக் கடன்தான்.

சரி, பள்ளிப் பையன்களை விடுங்கள். உலகத்தின் மிகச் சிறந்த மாரத்தான் வீரருக்கே இது நடந்தது. இந்தக் கதையை எங்கே பேசினாலும் சொல்லிவிடுவேன், இன்றும் விடப்போவதில்லை. இங்கிலாந்தில் ஜிம் பீட்டர்ஸ் என்று ஒருவர். கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது அவர் தொழில். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மாரத்தானில் உலகச் சாதனை செய்திருந்தார். அவர் ஓடிய ஒலிம்பிக் மாரத்தானிலேயே ஓட வந்து நின்றார் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக். அந்த ஒரு வாரத்தில் 10,000 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தங்கம் வாங்கியிருந்தார். மாரத்தான் மட்டும் வாழ்க்கையில் ஓடியதே இல்லை.

பீட்டர்ஸ் எடுத்த எடுப்பிலேயே பறந்தார். பின்னாலேயே வந்து சேர்ந்த ஜாட்டோபெக் ஓடிக்கொண்டே கேட்டார்: "இந்த வேகம் சரிதானா?" கவனியுங்கள், இரண்டு தங்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் போட்டியாளரிடமே போய், எனக்குத் தெரியவில்லை, சொல்லுங்கள் என்கிறார். நம் ஆட்கள் கேட்பார்களா? பஸ் எந்தப் பக்கம் வரும் என்று கேட்கவே கூச்சப்படுவோம். பீட்டர்ஸ் சீண்டுகிற மாதிரி, "மெதுவாக அல்லவா போகிறோம்" என்றார். ஜாட்டோபெக் அதை நம்பினாரோ இல்லையோ, வேகத்தைக் கூட்டிப் போய்விட்டார். பீட்டர்ஸுக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் கால் இழுத்துக்கொண்டது. ஓட்டத்தை முடிக்கவில்லை. ஜாட்டோபெக் 2 மணி 23 நிமிடம் 3 விநாடியில் மூன்றாவது தங்கத்தை வாங்கினார்.

பீட்டர்ஸிடம் தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பிறகும் உலகச் சாதனையை மூன்று முறை மாற்றி எழுதினார். 2 மணி 20 நிமிடத்துக்குள் மாரத்தான் ஓடிய முதல் ஆள் அவர்தான். 1954-இல் கனடாவின் வான்கூவரில் காமன்வெல்த் நாடுகளின் போட்டி நடந்தது. நல்ல வெயில். மாரத்தானை முடிக்கப் பீட்டர்ஸ் மைதானத்துக்குள் நுழைந்தபோது அடுத்த ஆள் கிட்டத்தட்ட பதினேழு நிமிடம் பின்னால். பதினேழு நிமிடம்! உட்கார்ந்து டீ குடித்துவிட்டே போயிருக்கலாம். ஆனால் உள்ளே வந்ததும் விழுந்தார். எழுந்தார், நாலடி வைத்தார், மறுபடி விழுந்தார். இருநூறு மீட்டர் கூட முழுதாக இராத தூரத்துக்குப் பதினோரு நிமிடம். முடிவுக் கோட்டை அவர் எட்டவே இல்லை. பின்னால் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜோ மெகீ தங்கம் வாங்கினார். பீட்டர்ஸ் அதோடு போட்டிகளை விட்டுவிட்டார்.

அந்தப் பதினோரு நிமிடத்தைத் துணிச்சல் என்று எழுதுகிறார்கள். துணிச்சல்தான். எனக்கோ அது முதல் மணி நேரத்தின் கணக்கு வழக்காகத் தெரிகிறது.

இதையெல்லாம் பேசுகிற நான் ஒருநாள் என்ன செய்தேன் தெரியுமா? மாவட்டப் போட்டி, மாணவியர் 3000 மீட்டர். பெரிய டிராக்கில் அதுவும் ஏழரைச் சுற்றுதான். எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி முதல் சுற்றில் கடைசி. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஓடும்மா, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அப்பா பக்கத்தில் வந்து, "சார், பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ, கூப்பிட்டுக்கலாமா?" என்கிறார். நான்காவது சுற்றிலிருந்து ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். கடைசியில் இரண்டாவது இடம். "என்னம்மா நினைச்சுக்கிட்டு ஓடினே?" என்று கேட்டேன். "எண்ணிக்கிட்டு வந்தேன் சார்" என்றாள். சுற்றையா என்றால் இல்லை. முன்னால் எத்தனை முதுகு தெரிகிறது என்று எண்ணியிருக்கிறாள். பதினொன்று, பத்து, ஒன்பது என்று.

அன்றிலிருந்து முதல் சுற்றில் நான் வாயைத் திறப்பதில்லை. ஓடுகிற பிள்ளைக்கு இந்தக் குணம் இருந்தால் மட்டும் போதாது, கயிற்றுக்கு வெளியே நிற்கிற அப்பாவுக்கும் வாத்தியாருக்கும் வேண்டும்.

அடுத்து, சலிப்பைத் தாங்குகிற குணம். இதைத்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். சுருக்கமாகச் சொல்கிறேன். அதே சாலை, அதே வேப்பமரம், அதே நாய். நாய்க்கே சலித்துப்போய்க் குரைப்பதை நிறுத்திவிடும். மறுநாளும் நீங்கள் போக வேண்டும்.

அப்புறம் களைப்பிலும் கவனம். நம் புதுக்கோட்டைக்காரர் ஜி. லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வரத்தில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். மறு வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில், அதாவது இருபத்தைந்து சுற்றில், மூன்றாவதாக வந்தார். வழியில் கால் டிராக்கின் உள்கோட்டைத் தாண்டிவிட்டது என்று வெண்கலம் போய்விட்டது. ஓட்டத்தில் குறையே இல்லை, ஒரு அடி தவறியது, அவ்வளவுதான்.

வலியை மறைக்காமல் சொல்வதும் ஒரு குணம். பிள்ளைகள் முழங்கால் வலியை என்னிடம் மறைப்பார்கள், டீமிலிருந்து எடுத்துவிடுவேன் என்ற பயம். பெற்றோர்கள் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. ஷூவைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். ஷூ குணத்தில் சேராது, பரவாயில்லை. வணக்கம்.