10,000 வாட் ஹோம் தியேட்டர் 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஓடுவது எப்படி?

வணக்கம். இந்த அட்டைப்பெட்டியின் முகப்பைக் கொஞ்சம் படியுங்கள். '10,000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இப்போது பெட்டிக்குள் கையை விட்டு மின்கம்பியை வெளியே எடுக்கிறேன். சுண்டுவிரல் அளவுகூடத் தடிமன் இல்லை. அதன் முனையில் சாதாரண இரண்டு முள் பிளக்.

நம் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். 230 வோல்ட்டை ஆறால் பெருக்குங்கள்.

(திரையில்: 230 × 6 = 1,380)

1,380 வாட். அந்தச் சாக்கெட்டிலிருந்து எடுக்கக் கூடியது அவ்வளவுதான். மிச்சமுள்ள எட்டாயிரத்துச் சொச்சம் வாட்டுக்குப் பாபநாசம் நீர்மின் நிலையத்திலிருந்து தனி லைன் இழுத்துத் தருவார்களா என்று கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டு விலையைக் குறைப்பார்.

விஷயம் இதுதான். பெட்டியில் இருப்பது பிஎம்பிஓ கணக்கு. கண் இமைக்கும் நேரத்துக்குள் கருவி எவ்வளவு எகிறும் என்று கம்பெனிக்காரர்களே போட்டுக்கொள்ளும் எண் அது. அதை எப்படி அளக்க வேண்டும் என்பதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. நீங்கள் தேட வேண்டியது ஆர்எம்எஸ் வாட். கருவி தொடர்ந்து தாக்குப்பிடிக்கும் திறன் அதுதான். அதுவும் அச்சிடப்படவில்லை என்றால், கருவியின் முதுகைத் திருப்பி மின் நுகர்வு எத்தனை வாட் என்று பாருங்கள். அங்கே 60 என்று இருந்தால், 60 வாட்டை வாங்கிக்கொண்டு பத்தாயிரம் வாட்டை எந்தப் பெட்டியாலும் தொடர்ந்து கொடுக்க முடியாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓட்டிவிடாதீர்கள்.

ஆடி மாதத்தில் நம் பக்கத்து ஊர்களில் கோயில் கொடை விழா. பனைமர உயரத்தில் கம்பம் நட்டு, மைக் செட்காரர் கூம்புக் குழாய் கட்டுவார். அது பாட ஆரம்பித்தால் வயல் தாண்டி அடுத்த ஊரில் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார். அந்தக் குழாய் எத்தனை வாட் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் முப்பது, நாற்பது, ஐம்பது வாட். அவ்வளவுதான்!

காரணம், உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் ஸ்பீக்கரின் உணர்திறன். வீட்டு ஸ்பீக்கர் 85 முதல் 88 டெசிபல் தரும். கூம்புக் குழாய் 105 டெசிபல், அதற்கு மேலும் தரும். இருபது டெசிபல் வித்தியாசம் என்றால் வாட் கணக்கில் நூறு மடங்கு. அதாவது, கூம்பின் நேர் எதிரே முப்பது வாட்டில் கேட்கும் சத்தத்தை 85 டெசிபல் வீட்டு ஸ்பீக்கரில் கொண்டுவர மூவாயிரம் வாட் கொடுக்க வேண்டும். அதற்குள் ஸ்பீக்கர் கருகிவிடும் என்பது வேறு கதை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாட்டை இரு மடங்காக்கினால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றுவதற்குச் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். ஐம்பது வாட் செட்டுக்கும் நூறு வாட் செட்டுக்கும் விலையில் இருக்கும் தூரம் காதில் இருக்காது. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலுக்கு உண்மையான ஐம்பது வாட்டே தாராளம். அதற்கு மேல் கேட்பது எதிர்வீட்டுக்காரருக்காக.

ஆகவே பெட்டியில் பெரிய வாட் எண்ணைத் தேடாதீர்கள். டிவியின் ஒலியை வாங்கிக்கொள்ளும் எச்டிஎம்ஐ ஏஆர்சி துளை இருக்கிறதா, பல தட ஒலியைப் பிரித்துத் தரும் டால்பி டிஜிட்டல் டிகோடர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் புளூடூத்தும் பென்டிரைவும் ஆக்ஸும் மட்டுமே உள்ள மலிவான 5.1 செட்டில் (ஐந்து ஸ்பீக்கர், அடி ஒலிக்கு ஒரு சப்வூஃபர்), டிவியிலிருந்து வரும் இரண்டு ஒலித் தடங்களையே ஐந்து ஸ்பீக்கர் பெட்டிக்கும் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். பின்னால் ஹெலிகாப்டர் பறக்காது. முன்னால் பாடுகிறவரே பின்னாலும் நின்று பாடுவார். நல்ல 2.1 செட்டின் விலைக்கு மோசமான 5.1 வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது டிவியின் பின்பக்கம். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று எச்டிஎம்ஐ துளைகள் இருந்தால், அவற்றில் ஒன்றின் அருகே மட்டும் 'ஏஆர்சி' அல்லது அதன் மேம்பட்ட வடிவமான 'இஏஆர்சி' என்று பொடி எழுத்தில் இருக்கும். மற்ற துளைகளில் படமும் ஒலியும் டிவிக்குள்ளே வரும், அவ்வளவுதான். இந்த ஒன்றில் மட்டும் டிவியின் ஒலி வெளியேயும் போகும். நம் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் மேலே ஒரு போக்குவரத்தும் கீழே ஒரு போக்குவரத்தும் நடப்பதைப் போல, ஒரே கம்பிக்குள் படம் ஒரு பக்கமும் ஒலி எதிர்ப்பக்கமும் போகின்றன. 2009-ல் எச்டிஎம்ஐ 1.4 வந்தபோது கிடைத்த வசதி இது. ஹோம் தியேட்டரிலும் ஏஆர்சி என்று எழுதிய துளையிலேயே மறுமுனையைச் செருக வேண்டும்.

செருகினால் மட்டும் போதாது. டிவியின் செட்டிங்கில், கருவிகள் எச்டிஎம்ஐ கம்பி வழியே ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி என்ற வசதியை இயக்க வேண்டும். இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். பிறகு, ஒலி அமைப்பில் 'டிஜிட்டல் அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும். அது 'பிசிஎம்' என்று இருந்தால் ஏஆர்சி வழியே இரண்டே தடங்கள்தான் போகும். ஐந்து பெட்டி வாங்கியவர் இரண்டு பெட்டிப் பாட்டைக் கேட்பது பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான். அதை 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள். இந்த இடத்திலேயே வீடியோவை நிறுத்திவிட்டுப் போய் மாற்றிவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

இஏஆர்சிக்காகப் புது டிவி வாங்க வேண்டுமா? ஓடிடியில்தான் படம் பார்க்கிறீர்கள் என்றால் தேவையில்லை. அங்கே வரும் டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் காட்டுவது) பெரும்பாலும் சுருக்கப்பட்ட வடிவம், சாதாரண ஏஆர்சியிலேயே அடங்கிவிடும். புளூரே தட்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் இஏஆர்சியின் நொடிக்கு 37 மெகாபிட் அகலம் பயன்படும்.

பழைய டிவியில் ஏஆர்சியே இல்லையென்றால் ஆப்டிகல் கம்பி. 1983-ல் தோஷிபா கொண்டுவந்தது, இன்னும் உழைக்கிறது. 5.1 வரும், அட்மாஸ் வராது. செருகும் முன் முனையில் இருக்கும் குட்டிப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். அதைக் கழற்றாமல் 'கருவி ரிப்பேர்' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

அடுத்தது, வீட்டுக்கு வீடு கேட்கும் புகார். 'பாட்டு காதைக் கிழிக்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை.' 5.1 படத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அந்த நடு ஸ்பீக்கரை ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால், கொலு பொம்மைகளுக்கு நடுவே வைத்தால் வசனம் எப்படி வெளியே வரும்? டிவிக்கு நேர் கீழே, தட்டின் விளிம்பு வரை முன்னால் இழுத்து, காதை நோக்கிச் சற்று நிமிர்த்தி வையுங்கள். செட்டிங்கில் 'சென்டர்' அளவை இரண்டு மூன்று டெசிபல் கூட்டுங்கள். ஆச்சி ரிமோட்டைப் பிடுங்கி சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அன்றோடு நிற்கும்.

அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் சிமெண்ட் சுவர், மொசைக் அல்லது டைல்ஸ் தரை, மேலே கான்கிரீட். ஒலி எங்கே பட்டாலும் திரும்பி வரும். இதற்குப் பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டினால் போதும் என்கிறார்கள். பாய் அழகு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு மெல்லிய பொருள் உச்ச ஒலிகளில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும். கனமான திரைச்சீலை, துணி போர்த்திய சோபா, சுவரோரம் நிமிர்த்தி வைத்த இலவம்பஞ்சு மெத்தை இவையெல்லாம் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

சப்வூஃபர் இன்னும் முரட்டுப் பிள்ளை. 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் எட்டரை மீட்டர், அதாவது 28 அடி. நம் ஹாலோ 12 அடி. அறையை விடப் பெரிய அலையை அறைக்குள் விட்டால் ஓர் இடத்தில் வயிறு அதிரும், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் ஒன்றுமே இருக்காது. மூலையில் வைத்தால் முழக்கம் கூடும், தெளிவு போகும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி கொஞ்சம் கோமாளித்தனமானது. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் தூக்கி வைத்துவிட்டு, சுவரோரமாக முட்டிபோட்டுத் தவழுங்கள். எங்கே 'கும்' என்ற ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கேதான் அதற்கு இடம். விருந்தாளிகள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

கடைசியாகக் கம்பி முனைகள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பெட்டியில் மட்டும் இது மாறிவிட்டால், ஒரு ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றதன் கூம்பு பின்னால் இழுக்கும், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுச் சோதனைத் தட்டு எதுவும் வேண்டாம், நல்ல வில்லுப்பாட்டுப் பதிவு ஒன்று போதும். வில்லில் கட்டிய மணிகள் உச்ச ஒலிக்கு, உடுக்கு நடு ஒலிக்கு, குடம் அடி ஒலிக்கு என்று எல்லாம் அதில் இருக்கிறது. முன் இரண்டு பெட்டிகளுக்கும் சம தூரத்தில் உட்கார்ந்து, ஸ்டீரியோவில் போட்டு, குடத்தை மட்டும் கவனியுங்கள். அந்தக் 'கும்' இரண்டுக்கும் நடுவே கெட்டியாக நிற்க வேண்டும். மெலிந்து, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அலைந்தால், ஒரு பெட்டியின் கம்பியை மட்டும் முனை மாற்றிச் செருகுங்கள். ஆர்வத்தில் இரண்டு பெட்டியிலும் மாற்றிவிட்டால் பழையபடியேதான் கேட்கும்.