நாணேகாட்டில் அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

வணக்கம். மகாராட்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள நாணேகாட் கணவாயின் அருவியை எப்போது காட்டப் போகிறீர்கள் என்று சென்ற காணொளியில் பலர் கேட்டிருந்தீர்கள். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் காற்று, விழுகிற தண்ணீரையே மேல்நோக்கித் தூக்கி வீசுகிறது, அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அருவி முன்னால் நின்று கூச்சலிடும் கூட்டம் எனக்கு ஒத்துவராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகையால் அருவிக்கு இரண்டு நிமிடம். மீதி நேரம் முழுவதும் கணவாய்க்கே.

ஜுன்னர் நகரிலிருந்து மேற்கே வந்தால் காட்கர் என்ற சிற்றூர். அங்கே ஒரு வீட்டில் சுடச்சுடப் போட்டுக்கொடுத்த பாக்ரி என்ற தானிய ரொட்டியையும் பிட்லா என்ற கடலைமாவுக் குழம்பையும் பற்றித் தனிக் காணொளியே போடலாம். அதைத் தாண்டி மேலே வந்ததும் வண்டி நிறுத்த ஒருவர் 100 ரூபாய் கேட்டார். ரசீது கேட்டேன், 50 ஆயிற்று. ரசீது மட்டும் கடைசி வரை வரவில்லை. 50 ரூபாய் பெரிய தொகையல்ல, ஆனாலும் ஒரு சொல்லில் பாதியாகக் குறைகிற கட்டணம் எந்தக் கணக்கில் சேரும் என்று கணவாயின் வாய் வரை புலம்பிக்கொண்டே நடந்தேன்.

அங்கே இருப்பது என்ன தெரியுமா? சுங்கக் காசு போடுவதற்கென்று வைத்ததாகச் சொல்லப்படும் பெரிய கல் சாடி. சோபாரா போன்ற கொங்கணத் துறைமுகங்களிலிருந்து சரக்கேற்றி வந்த வணிகர்கள், இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே உள்ள இந்த ஒடுங்கிய வழியாகத்தான் ஏறி, ஜுன்னர் வழியே தக்காணத்துக்குள் சென்றார்கள். வழியைக் காக்கப் பக்கத்திலேயே ஜீவதன் கோட்டை நிற்கிறது.

சற்றுக் கீழே இறங்கினால், பழங்காலத்தில் தக்காணத்தை ஆண்ட சாதவாகன அரசர்கள் வெட்டிய குகை. அதன் பக்கச் சுவர்களில், முதலாம் சாதகர்ணியின் அரசி நாகனிகா பெயரோடு தொடர்புடைய பிராகிருதக் கல்வெட்டு, பிராமி எழுத்தில் இருக்கிறது. அசுவமேதம், இராசசூயம் உள்ளிட்ட வேள்விகளும் அவற்றுக்குக் கொடுத்த பசுக்கள், குதிரைகள், யானைகள், கார்ஷாபணக் காசுகளும் வரிசையாக வருகின்றன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது எண்களைக் கண்டபோதுதான். சுழியம் இல்லாத முறை என்பதால், 17 என்று எழுத வேண்டிய இடத்தில் பத்துக்கு ஒரு குறி, அதை அடுத்து ஏழுக்கு ஒரு குறி. அந்த இரண்டு குறிகளையும் நானே தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். படத்தை நிறுத்தி நீங்களும் தேடிப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், பின்சுவர். அங்கே ஒரு காலத்தில் அரச குடும்பத்தாரின் உருவங்கள் வரிசையாக நின்றிருந்தன. இன்று பாதங்களின் தடயமும், மேலே சிமுகன், நாகனிகா, சாதகர்ணி என்று சில பெயர்களுமே மிச்சம். அந்தப் பெயர்களுக்குக் கீழேயே தங்கள் பெயர்களையும் கிறுக்கி வைத்திருப்பவர்களைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் காணொளி முடியாது.

மழை நின்றபின், கொங்கணப் பக்கத்து வைஷாக்கரே ஊரிலிருந்து வணிகர்கள் வந்த பாதையிலேயே ஏறிவர எண்ணியிருக்கிறேன். அந்த வழியில் ஏறிய அனுபவம் உள்ளவர்கள், படிகள் எப்படி இருக்கின்றன என்று கீழே எழுதுங்கள்.