பேயை மேடைக்கு வெளியே நிறுத்துங்கள்

ஆசிரியர்களுக்கும், முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

நாடக வகுப்பில் 'ஒரு திகில் காட்சி செய்யுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிஷமே ஒரு பெண் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள்வாள், இன்னொருத்தி முடியை முகத்தின் மேல் இழுத்துவிடுவாள், ஒரு பையன் லைட்டை அணைக்க ஓடுவான். அப்புறம் ஓர் அலறல். வகுப்பே சிரிக்கும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் பார்த்ததெல்லாம் சினிமா. அங்கே கேமரா கிட்டே போய்க் கண்ணை மட்டும் காட்டும், உடனே காட்சி மாறிவிடும். மேடையில் பத்தடி தூரத்தில் முழுப் பேயும் தெரியும், அதன் பள்ளிக்கூட ஷூவோடு சேர்த்து.

அதனால் நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான். காட்சியில் பேய் வரக்கூடாது. பயப்படுகிறவர் மட்டும் வரலாம்.

இது முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு 'தி வுமன் இன் பிளாக்' நாடகத்தைச் சொல்வேன். சூசன் ஹில் 1983இல் எழுதிய நாவலை ஸ்டீபன் மாலட்ராட் நாடகமாக்க, 1987இல் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ என்ற கடலோர ஊரில் அது அரங்கேறியது. பெரிய செலவுக்கு வழியில்லை. பேசி நடிக்க இரண்டே பேர். மேடையில் ஒரு பிரம்புப் பெட்டி. ரயிலும் அதுதான், குதிரை வண்டியும் அதுதான். கதையில் ஸ்பைடர் என்று ஒரு நாய் வருகிறது. மேடையில் நாய் கிடையாது. நடிகர் குனிந்து வெறுங்காற்றைத் தடவிக் கொடுப்பார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த இல்லாத நாய் சேற்றில் மாட்டிக்கொள்ளும்போது அரங்கம் பதறும். 1989இல் லண்டன் ஃபார்ச்சூன் தியேட்டருக்குப் போன நாடகம் 2023 வரை அங்கே ஓடியது. பேயான கறுப்பு உடைப் பெண்ணும் வருகிறாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் வருவதற்குள் நம்மைப் பாதி பயமுறுத்தி முடித்திருப்பார்கள்.

நம்மிடமும் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொல்கிறார். அணங்கு என்றால் பேய், வருத்தும் தெய்வம் போன்றவை. இறை என்றால் அங்கே அரசன். தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கும் பையனைக் கேளுங்கள், நாலாவதை உடனே ஒப்புக்கொள்வான். வகுப்பில் எல்லோரும் முதலாவதை எடுக்கத்தான் முண்டியடிப்பார்கள். நான் மூன்றாவதைக் கொடுப்பேன்.

ஒரு நாற்காலி. அதில் ஒரு பெண், மடியில் நோட்டு, வீட்டுப்பாடம் எழுதுகிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. மற்ற பிள்ளைகள் சுற்றிலும் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாயாலேயே சத்தம் எழுப்ப வேண்டும். மின்விசிறி, சொட்டும் குழாய், தெருவில் ஒரு நாய். இசைக்கருவி, செல்போன் எதுவும் வேண்டாம். கொஞ்ச நேரம் இது ஓடட்டும், பார்க்கிறவர்களுக்குப் பழகட்டும். பிறகு கரண்ட் போகிறது. விசிறி இழுத்து இழுத்து நிற்கிறது. குழாய் நிற்கிறது. நாய் குரைப்பின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. இங்கேதான் சபை நிமிர்ந்து உட்காரும்.

அந்தப் பெண் சட்டென்று கதவைப் பார்த்தால் காட்சி போச்சு. முதலில் பென்சில் நிற்க வேண்டும். அப்புறம் தோள் கொஞ்சம் ஏறும். பிறகு கழுத்து. கண் கடைசியில்தான் கதவுக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் நான் 'ஃப்ரீஸ்' என்பேன், எல்லோரும் அப்படியே உறைவார்கள். அவள் தோளைத் தொட்டால் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. ஒருமுறை ஒரு மாணவி மெதுவாகச் சொன்னாள்: "அப்பாவா இருந்தா செருப்புச் சத்தம் கேட்டிருக்குமே." இதைவிட நல்ல திகில் வசனத்தை என்னால் எழுத முடியாது.

பிறகு அவள் எழுந்து தாழ்ப்பாளுக்குக் கை நீட்டுவது ஸ்லோ மோஷனில். கை போய்ச் சேருவதற்குள் காட்சியை முடித்துவிடுங்கள். வெளியே யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லாதீர்கள்.

சிரிப்பு வந்தால் பதற வேண்டாம். பாரிஸில் 1897இல் தொடங்கி 1962 வரை நடந்த கிராண்ட் கிக்னோல் அரங்கில் ஒரே இரவில் திகில் நாடகமும் கேலி நாடகமும் மாறி மாறிப் போட்டார்கள். சிரித்து ஓய்ந்தவர்களைப் பயமுறுத்துவது எளிது.

ஆசிரியர்களிடம் இன்னொன்று. எந்தப் பிள்ளைக்கு வீட்டில் எந்தக் கதவு பயம் என்று நமக்குத் தெரியாது. நடிக்க மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், சத்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அறையை முழு இருட்டாக்க வேண்டாம். முடிந்ததும் நடித்த பெண்ணை அவளுடைய சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷம் எல்லோரும் கை கால் உதறட்டும். மணி அடித்துவிட்டது என்று இதை விட்டுவிடக் கூடாது.

சரி, பேசியது போதும். ஆறு பேர் மேலே வாருங்கள். குழாய் சொட்டுவது மாதிரி நாக்கைத் தட்ட யாருக்கு வரும்?