கவிழ்ந்த தோணியும் நிமிர்ந்த தோணியும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு என் போன் அடித்தது. அந்த நேரத்தில் போன் வந்தால் நம் வீடுகளில் யாரும் நல்ல செய்தியை எதிர்பார்ப்பதில்லை. மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டார். எடுத்துப் பார்த்தால் கனடாவில் இருக்கும் என் தங்கச்சியின் மகன். அங்கே மாலை ஆறரை. இங்கே என்ன நேரம் என்பதை வழக்கம்போல மறந்துவிட்டான். துக்கச் செய்தி ஒன்றும் இல்லை. வட்ஸ்அப்பில் ஒரு இலையின் படம். "மாமா, இந்த இலையில வெள்ளைப் புள்ளி வந்திருக்கு. என்ன இது?"

விரித்த கைபோல ஏழு விரல் உள்ள இலை. தூக்கக் கலக்கத்தில் மரவள்ளி என்றுதான் நினைத்தேன். ஆனால் மரவள்ளி இலையின் ஓரம் வழுவழுவென்று இருக்கும். இதில் வாள் பல் போல வெட்டு வெட்டாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். கஞ்சா.

பயப்படாதீர்கள். கனடாவில் 2018 ஒக்டோபரில் இருந்து அது சட்டப்படி விற்கும் பொருள். ஒன்டாரியோ மாகாணத்தில் லீமிங்டன் என்ற ஊர்ப் பக்கம் கண்ணாடி வீடுகளில் தக்காளி, கெக்கரி வளர்ப்பதுபோல அதையும் அனுமதிப்பத்திரம் எடுத்து வளர்க்கிறார்கள். மருமகன் அப்படி ஒன்றில் வேலை செய்கிறான். நம் நாட்டில் முற்றத்தில் ஒரு கன்று வைத்தாலே பொலிஸ் வாசலுக்கு வந்துவிடும், ஆகவே அந்தச் செடியை அங்கேயே விட்டுவிடுவோம். எனக்கு வேண்டியது அந்தப் புள்ளிதான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுநரம்பின் ஓரமாக ஊசியால் குத்தியதுபோல வெள்ளைப் பொட்டுகள். திருகோணமலை உப்புவெளியில் என் வளவில் நின்ற கத்தரிக்கு வந்த அதே வருத்தம். "இலையைத் திருப்பிப் போட்டு ஒரு படம் எடு" என்றேன். திருப்பினான். அடியில் தூசிபோல ஒட்டிக்கொண்டு இருந்தது, மைற்றா.

மைற்றா என்று எங்கள் விவசாயத் திணைக்களத்தில் எழுதுவோம். சிற்றுண்ணி, சிலந்திப்பேன் என்றும் சொல்வார்கள். தோட்டக்காரர்களோ "பேன் விழுந்திட்டுது" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். இது பூச்சி இனம் கிடையாது. பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டு. சிலந்திக்கும் மாட்டில் ஒட்டும் உண்ணிக்கும் சொந்தக்காரன். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால். ஒரு தடவை தோல் கழற்றியதும் எட்டாகிவிடும். கால் எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பூச்சிக்கென்று செய்த மருந்துகள் பல இதற்குக் கேட்காது. அதில்தான் நானே ஒரு தடவை சறுக்கினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கத்தரி, வெண்டி, பயிற்றை, மரவள்ளி, பப்பாசி என்று இந்த இனம் வாய் வைக்காத பயிர் குறைவு. புள்ளி போட்ட சிலந்திப்பேன் ஒன்றுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட செடிவகைகள் சாப்பாடு. நீளம் அரை மில்லிமீற்றர். இலையின் அடியில் இருந்துகொண்டு ஊசி வாயால் ஒவ்வொரு கலமாகக் குத்திப் பச்சையத்தை உறிஞ்சும். உறிஞ்சிய இடம்தான் மேலே வெள்ளைப் பொட்டாகத் தெரிகிறது. பொட்டுகள் கூடக் கூட இலை மஞ்சளாகி, பிறகு வெண்கல நிறமாகி உதிரும். முற்றிய நிலையில் கொழுந்தைச் சுற்றி மெல்லிய வலை பின்னும். வலை தெரிந்த பிறகுதான் பலர் என்னிடம் வருவார்கள். அது கிட்டத்தட்ட கூரை எரிந்த பிறகு கிணறு வெட்டுவதுதான்.

நம் பக்கம் வைகாசியில் தொடங்கிக் கச்சான் காற்று வீசும். கச்சான் என்றதும் வறுத்த கடலை நினைவு வருபவர்கள் மன்னிக்க வேண்டும். நான் சொல்வது மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட சூட்டுக் காற்றை. தம்பலகாமத்தில் இருந்து குச்சவெளி வரைக்கும் வாய்க்கால் கரைப் புல்லே கருகி நிற்கும் காலம். மைற்றாவுக்கு அதுதான் திருவிழா. 30 பாகைச் சூட்டில் ஒரு முட்டை வளர்ந்த மைற்றாவாக மாற ஏறக்குறைய ஒரு கிழமை போதும். ஒரு பெண் தன் ஆயுளில் நூறு முட்டை வரை இடும். ஆண் துணை இல்லாவிட்டாலும் இடும், அந்த முட்டைகளில் ஆண் மட்டும் பிறக்கும். பிறகு அந்த மகனோடே கூடிப் பெண் குஞ்சுகளையும் பெற்றுக்கொள்ளும். அசிங்கமான குடும்பம்தான், என்ன செய்வது! நூலில் தொங்கிக் காற்றோடு வந்த ஒற்றைப் பெண் ஒரு தோட்டத்தையே நிரப்பிவிடுவது இப்படித்தான்.

சரி, என் சறுக்கலுக்கு வருகிறேன். விவசாயப் போதனாசிரியராக மூதூரிலும் தம்பலகாமத்திலும் முப்பது வருடம் அடுத்தவருக்குப் புத்தி சொன்னவன் நான். ஓய்வு பெற்ற மறுவருடம் வளவில் நாற்பது கத்தரிக் கன்று வைத்தேன். ஆனி மாதம் பொட்டுகள் தெரிந்தன. கடையில் "ஐயா, இது எல்லாத்துக்கும் கேட்கும்" என்று ஒரு போத்தலை நீட்டினார்கள். லேபிளில் பைரித்ரொயிட் வகை, அதாவது பூச்சிக்கென்று செய்த மருந்து, என்று தெளிவாகவே இருந்தது. தெரிந்தும் வாங்கினேன். திரும்பக் கடை தேடிப் போக வெயிலில் மனம் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். மூன்றாம் நாள் செடிகள் துப்புரவாகத் தெரிந்தன. பத்தாம் நாள் கொழுந்தெல்லாம் வலை.

நடந்தது இதுதான். அந்த மருந்து மைற்றாவைச் சரியாகக் கொல்லாது. மைற்றாவைத் தின்னுகிறவற்றை நன்றாகக் கொல்லும். கடுகளவு கறுப்பு வண்டு ஒன்று இருக்கிறது, பொறிவண்டு இனம், அது இருக்கும் இலையில் மைற்றா தலைதூக்காது. இன்னொன்று, மைற்றாவைத் தின்னும் மைற்றா. இரண்டையும் நான் என் கையாலேயே அழித்துவிட்டு, எதிரிக்குக் காவல் இல்லாத வீட்டைக் கொடுத்திருக்கிறேன். மருந்தின் எரிச்சலில் மைற்றாக்கள் பக்கத்துச் செடிகளுக்கும் கலைந்து போயிருந்தன. நாற்பதில் முப்பத்தொரு கன்றைப் பிடுங்கினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்கி வந்து சமைத்தார். அதுவே போதுமாக இருந்தது.

மருமகனின் கண்ணாடி வீட்டில் மருந்து என்ற பேச்சுக்கே இடம் குறைவு. அங்கே விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு தொகுதியையும் பீடைநாசினி மிச்சம் இருக்கிறதா என்று சோதிப்பது கட்டாயம். புகையாக நெஞ்சுக்குள் இழுக்கும் பொருள் அல்லவா? ஆகவே தின்னும் மைற்றாவைப் போத்தலில் வாங்கி வந்து செடிகளில் தூவுகிறார்கள். பைட்டோசியுலஸ் என்று பெயர். செம்மஞ்சள் நிறம், பேரிக்காய் வடிவம், ஓட்டமான ஓட்டம். சிலந்திப்பேனைத் தவிர வேறொன்றையும் தொடாது. நாளைக்கு இருபது முட்டை வரை தின்னும். இரை முடிந்தால் தானும் பட்டினியில் செத்துவிடும். இலையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது நீங்களும் இதைக் கவனிக்கலாம். மந்தமாக ஊர்ந்தால் பெரும்பாலும் பயிரைத் தின்பவன். விறுவிறுவென்று ஓடினால் பெரும்பாலும் நம் ஆள்.

பூதக்கண்ணாடி இல்லையா? ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி அரை நிமிடத்தில் நகர்ந்தால் அது தூசி இல்லை.

இனி மிளகாய்க்கு வருவோம். எங்கள் மாவட்டத்தில் அதிகம் ஏமாறுவது இதில்தான். மிளகாய்க் கொழுந்து சுருண்டதும் "சுருட்டை வந்திட்டுது" என்று ஒரே பெயரை வைத்து, ஒரே மருந்தை அடிக்கிறோம். அந்த ஒரு பெயருக்குள் மூன்று எதிரிகள் இருக்கிறார்கள். மூதூர் மீனவர் ஒருவர் மிளகாயும் செய்கிறவர். அவருக்கு நான் இப்படிச் சொல்லிக் கொடுத்தேன்: இலையைத் தோணி என்று நினையுங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, தோணி நிமிர்ந்து மிதப்பதுபோல இருந்தால் பனிப்பூச்சி என்ற பொடிப் பூச்சி. ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கரையில் கவிழ்த்துப் போட்ட தோணிபோல இருந்தால் மைற்றா. அப்புறம் அவர் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் தோணி வைத்தியர் ஆகிவிட்டார். கொழுந்து சிறுத்து மஞ்சளாகி, கன்று முழுவதும் குட்டையாகி, வெண் ஈயும் கூட்டமாகப் பறந்தால் வைரசைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து இல்லை, பிடுங்கத்தான் வேண்டும்.

இந்த மிளகாய் மைற்றா சிலந்திப்பேனைவிடவும் சிறியது. 0.2 மில்லிமீற்றர், வெறும் கண்ணுக்குத் தெரியாது, வலையும் பின்னாது. ஆகவே அது செய்யும் வேலையைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கலாம்: கவிழ்ந்த இலை, வழமையைவிட நீண்ட காம்பு, அடிப்பக்கத்தில் எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம், பூ உதிர்வு, காயின் தோலில் சொரசொரப்பு. கச்சானுக்காகக் காத்திருக்காது. ஈரப்பதம் இருந்தால்தான் இதற்குக் கொண்டாட்டம், ஆகவே மாரி மழை விட்டு விட்டுப் பெய்யும் கார்த்திகை, மார்கழியிலும் வரும். நடந்து தூரம் போகாது. ஆனால் வெண் ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடி விட்டுச் செடி போகும். பஸ்ஸுக்குக் காசு கொடுக்காத பயணி.

என்ன செய்வது? சிலந்திப்பேன் என்றால் முதலில் தண்ணீர். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி வேகமாக அடியுங்கள். கிணற்று மோட்டாரில் குழாய் நுனியை விரலால் பொத்திப் பிடித்தாலே போதும். தண்ணீரில்லாமல் வாடும் செடியில்தான் இது விரைவாகப் பெருகும். கிறவல் வீதி ஓரத் தோட்டங்களில் இலையில் படியும் புழுதியும் இதற்கு உதவி, மைற்றாவைத் தின்னுகிறவற்றுக்கு இடைஞ்சல். அதிகம் தாக்கிய இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி எரியுங்கள், வரப்பில் எறிய வேண்டாம். நோய்ப்பட்ட பாத்திக்குள் கடைசியாகப் போங்கள், உங்கள் சாரமும் சட்டையும் கூட அதைக் காவிக்கொண்டு போகும்.

அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்யைக் கொஞ்சம் சவர்க்காரக் கரைசலோடு கலந்து அடிக்கலாம். இரண்டு கன்றில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடியுங்கள். மிளகாய் மைற்றாவுக்குத் தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள் பழைய, மலிவான, நல்ல மருந்து. ஆனால் கந்தகத்துக்கு ரோசம் அதிகம். 32 பாகைக்கு மேல் வெயில் இருக்கும்போது அடித்தால் இலை கருகும், ஆகவே வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். எண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு கிழமைக்குள் கந்தகம் கூடாது, கந்தகம் அடித்ததற்கு எண்ணெய்யும் கூடாது. பூசணி, கெக்கரி இனங்களுக்கும் கவனம் வேண்டும். எதை அடித்தாலும் தெளிகருவியின் வாய் இலையின் அடியை நோக்கி இருக்க வேண்டும். மேலே நனைத்தால் மருந்துக்கும் செலவு, மைற்றாவுக்கும் குடை.

ஒரு தடவையோடு நிறுத்த வேண்டாம். பல மருந்துகளுக்கு முட்டை சாகாது. ஐந்து, ஏழு நாளில் அது பொரித்ததும் திரும்ப அடிக்க வேண்டும். அதற்காக அதே போத்தலை வருடம் முழுக்கப் பாவிக்கவும் கூடாது. உலகத்தில் அதிகமான மருந்துகளுக்குப் பழகிப்போன உயிரினங்களில் சிலந்திப்பேனும் ஒன்று. மைற்றாக்கொல்லி வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் மூலப்பொருளைப் பாருங்கள். இரண்டு பெயரில் ஒரே சரக்கு விற்பதும் உண்டு. அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று லேபிளில் இருக்கும். விலை ஏறிய கிழமையில் அந்த நாட்களை மறப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுச் சமையலுக்கு மட்டும் வேறு பாத்தியில் பறிப்பார்கள்.

தென்னையைக் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நிலாவெளிப் பக்கம் குரும்பையில், தொப்பிக்குக் கீழே முக்கோணமாக வெளிறி, பிறகு பழுப்பாக வெடித்து, தேங்காய் சிறுத்துப் போவது தென்னை மைற்றாவால். 1997 கடைசியில் கற்பிட்டியில் கண்டார்கள், பிறகு பரவியது. இதற்கு நாலே கால். புழுப் போல இருக்கும். கஞ்சாவுக்கென்றே தனி மைற்றா ஒன்றும் இருக்கிறது, அதுவும் இதே நாலுகால் குடும்பம்தான். தென்னை மைற்றா தொப்பிக்குள் ஒளிந்திருப்பதால் மரத்துக்கு மரம் ஏறி மருந்தடிப்பது நடக்கிற காரியம் இல்லை. லுணுவிலயில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் அதைத் தின்னும் மைற்றா ஒன்றை வளர்த்து விட்டது. மரத்தடிக்குத் தண்ணீரும் பசளையும் குறைக்காமல் பார்ப்பது உங்கள் பங்கு.

கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். கடைசியாக ஒன்று. மிளகாய்க்கு மருந்து அடித்துப் பத்து நாளாகியும் இலை நிமிரவில்லை என்று திரும்பத் திரும்ப அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுருண்ட இலை நிமிராது. மைற்றா செத்த பிறகும் அதன் எச்சில் நஞ்சின் வேலை சில கிழமை நிற்கும். நுனியில் வரும் புதுக் கொழுந்தைப் பாருங்கள். அது நேராக வந்தால் தெளிகருவியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

வணக்கம்.